புழுங்கலரிசி வெள்ளை: கோட்டையூர் வீட்டில் ஆறு வருஷம்

வெள்ளையில் பச்சரிசி வெள்ளை ஒன்று, புழுங்கலரிசி வெள்ளை ஒன்று. பெயிண்ட் கடை அட்டையில் ஐவரி, கிரீம், ஆஃப் ஒயிட் என்று எத்தனை பெயர் போட்டிருந்தாலும் நான் கேட்டது இரண்டாவதைத்தான். லேசான மஞ்சள், அதற்குள் ஒரு துளி பழுப்பு. கோட்டையூரில் எங்கள் பங்குக்கு வந்த பகுதியில் 2019 தை மாதம் இந்த நிறத்தை அடித்தோம். ஆறு வருஷம் தாண்டிவிட்டது. எது நின்றது, எது காலை வாரியது என்று இப்போது சொல்லலாம்.

முதலில் செய்த தப்பு. மாடியறைக்குப் பளீர் வெள்ளை அடித்து, 6500 கெல்வின் எல்.இ.டி. பல்பையும் மாட்டினோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் கூடினால் நீலம் தட்டும், குறைந்தால் மஞ்சள் தட்டும். "ஊசி போடுற ரூம் மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். சுவர் நீலம் பாரித்ததில் பர்மாத் தேக்கு நிலைக்கதவு கரிக்கட்டை போலக் கறுத்துத் தெரிந்தது. தரையில் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு கண்ணைக் குத்தியது. மரமும் கல்லும் மஞ்சள், சிவப்புப் பக்கம் சாய்ந்தவை. சுவரும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்தால்தான் ஒத்துப்போகும்.

அப்பத்தா இதை ஏற்கவில்லை. அவர் காலத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நீலம் கலப்பார்கள். வேட்டிக்குப் போடுகிற அதே கணக்குதான். பழுப்பை நீலம் கண்ணுக்கு மறைத்துவிடும். புதுச் சுவரைப் பார்த்துவிட்டு, "நீலம் போடலையாடா? நாள்பட்ட வேட்டி மாதிரில்ல இருக்கு" என்றார். இரண்டு வருஷம் யார் வந்தாலும் இதையே சொன்னார்.

சரியான நிறம் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை, வளவில், அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றிய பகுதியில் கிடைத்தது. இரும்புப் பெட்டகத்தை நகர்த்தியபோது பின்னால் நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சு அப்படியே இருந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய் ஊறின தண்ணீர், வெல்லம், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு என்று பல தடவை பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுச் சுவர். கை வைத்தால் சில்லென்று இருந்தது. பக்கத்தில் நின்றால் சட்டையின் நிறம் மங்கலாகத் தெரிந்தது. அது வெள்ளை இல்லை. பழைய தந்தச் சீப்பின் நிறம். கடையில் வாங்கிய அட்டைகளை அந்தச் சுவரில் வைத்து, காலை பத்து மணிக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு, ராத்திரி விளக்கில் என்று மூன்று தடவை பார்த்துத்தான் முடிவு செய்தேன்.

ஒரே டப்பா எல்லா அறையிலும் ஒரே நிறமாக இருக்காது என்பதை அடித்த பிறகுதான் கண்டோம். வளவில் மேலேயிருந்து நேராக வெளிச்சம் இறங்குவதால் நினைத்தபடியே வந்தது. சிவப்புச் சிமெண்ட் தரை போட்ட முகப்பறையில் தரையின் சிவப்பு சுவரில் அடித்து, மத்தியானம் ரோஸ் கலந்தாற்போல் ஆகிவிடுகிறது. வடக்கு பார்த்த அறையில் வெயிலே விழாது. அங்கே அதே பெயிண்ட் சாம்பல் தட்டி, சோர்ந்துபோய் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒரு படி மஞ்சளான நிறம் எடுத்திருக்க வேண்டும். இரண்டடிப் பலகையில் மாதிரி அடித்து அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்திருந்தால் முன்னமே தெரிந்திருக்கும். சோம்பேறித்தனம்.

பெரிய அடி வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் விழுந்தது. அங்கே பழைய சுண்ணாம்புச் சுவர் மேலேயே எமல்ஷன் அடிக்கச் சொன்னேன். பெயிண்டர் ஒரு தடவை தயங்கினார், நான் கேட்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவர் அப்பளம் போலக் கொப்புளித்தது. நகத்தால் கீறினால் தோலாக உரிந்து வந்தது, உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்பு இழுத்து வெளியே விட்டுவிடும். பிளாஸ்டிக் படலம் போன்ற எமல்ஷன் வழியை அடைத்துவிடும். மெருகேற்றிய பூச்சாக இருந்தால் இன்னும் மோசம், பெயிண்டுக்குப் பிடிமானமே கிடைக்காது. நல்லவேளை, பெட்டகத்துக்குப் பின்னால் இருந்ததில் யாரையும் கை வைக்க விடவில்லை.

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்பினோம். ஊறவைத்துத் துணியில் வடிகட்டிய சுண்ணாம்பில் நீலத்துக்குப் பதிலாக மஞ்சள்காவி, வாளிக்கு ஒரு சிறு கரண்டி. அடிக்கும்போது பயந்துவிடாதீர்கள். ஈரத்தில் சுவர் திட்டுத்திட்டாக, வெள்ளையே இல்லாத மாதிரி இருக்கும். மறுநாள் காய்ந்ததும்தான் வெளுக்கும். முதல் தடவை நான் அவசரப்பட்டு ஈரத்திலேயே நிறத்தைச் சரிபார்த்தேன். காய்ந்த பிறகு காவி போட்டதே தெரியவில்லை. இரண்டாம் தடவை பழைய தகரத் துண்டில் அடித்துக் காயவிட்டுப் பார்த்துக் கலந்தோம். ஒரு குறை, கை வைத்தால் ஒட்டும். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகில் வெள்ளை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கப்புறம் கொப்புளம் வரவில்லை.

சாய்வது என்றதும் திண்ணை ஞாபகம் வருகிறது. எங்கள் திண்ணைச் சுவரில் தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் வரிசையாக வட்டங்கள் இருக்கும், தேங்காயெண்ணெய்த் தலைகளின் கையெழுத்து. யார் எங்கே உட்காருவார் என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். பால்காரர் இடது ஓரம், அப்பத்தாவைப் பார்க்க வருகிறவர்கள் தூணுக்குப் பக்கம். பளீர் வெள்ளையில் இந்த வட்டம் ஒரே மாதத்தில் பல்லை இளிக்கும். இந்த நிறத்தில் எட்டு மாதம் தாங்குகிறது, அப்புறம் தெரியத்தான் செய்கிறது. கடைசியில் திண்ணையில் மட்டும் மூன்றடிக்கு மரப்பலகை அடித்துவிட்டோம். செம்மண் புழுதிக்கு மட்டும் இந்த நிறம் அருமை. சுவரின் அடிப்பக்கம் படிகிற செம்மண் ஒட்டுறவாகப் போய்விடுகிறது, அழுக்காகத் தெரிவதில்லை.

புளித்தண்ணீர் விஷயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கார்த்திகைக்கு முந்தின நாள் வளவில் உட்கார்ந்து குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். தெறித்த துளிகள் பழைய பூச்சில் பட்டு, மெருகு போய் அம்மைத் தழும்பு போல மங்கலான புள்ளிகள் விழுந்துவிட்டன. புளிப்பு எதுவானாலும் சுண்ணாம்பை அரிக்கும். எலுமிச்சை, வினிகர், தரை கழுவுகிற ஆசிட் எல்லாம் அந்தச் சாதிதான். இப்போது விளக்கு தேய்ப்பது கிணற்றடியில். அந்தச் சுவருக்கு உலர்ந்த பருத்தித் துணி மட்டுமே.

காரைக்குடிக் கடை ஒன்றில் மெஷினில் நிறம் கலந்து வாங்கியதில் இன்னொரு வம்பு. பாதியில் பெயிண்ட் தீர்ந்து, அதே எண்ணைச் சொல்லி இன்னொரு டப்பா வாங்கினோம். அடிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. காய்ந்த பிறகு பட்டாலை என்கிற கூடத்தின் கிழக்குச் சுவரில் நடுவே கோடு கிழித்தாற்போல் ஆகிவிட்டது. ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே தடவை வாங்கி, எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டு ஆரம்பிப்பதே நல்லது.

பல்பை மாற்றியது செலவில் குறைவு, பலனில் அதிகம். 3000 கெல்வின், பெட்டியில் வார்ம் ஒயிட் என்று போட்டிருக்கும். படிக்கிற மேஜைக்கு மட்டும் பழைய வெள்ளை விளக்கே இருக்கிறது, மகள் விடவில்லை. திரைக்கு வெளுக்காத காடாத் துணி. சாயமும் இல்லை, விலையும் குறைவு, சுவரோடு சேர்ந்துவிட்டது. ஜன்னல் கதவுக்கு அடித்த வெள்ளை எனாமல்தான் ஏமாற்றம். எண்ணெய்ப் பெயிண்ட் இருட்டில் மஞ்சளிக்கும் என்பது தெரியாமல் போயிற்று. எப்போதும் மூடியே கிடக்கிற சாமான் அறை ஜன்னல் கதவின் உள்பக்கம் இப்போது நெய் நிறம்.

எல்லாமே வெளிர் நிறமாக இருந்தால் வீடு சப்பென்று இருக்காதா என்று கேட்கிறார்கள். வெறும் அடுக்குமாடி வீடாக இருந்தால் இருக்கலாம். இங்கே தரையில் பூப்போட்ட கல், தூணெல்லாம் தேக்கு, கொடியில் அரக்குச் சிவப்பில் கண்டாங்கி காய்கிறது, மூலையில் சாயம் போட்ட ஓலைக் கொட்டான் கூடை. சுவர் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்கு வசதி.

இந்த மழை விட்டதும் வடக்கறைக்கும் சமையல்கட்டுக்கும் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். வடக்கறைக்குக் காவி ஒன்றரைக் கரண்டி. சமையல்கட்டில் அடுப்புக்கு எதிர்ச் சுவருக்கு நீலம் போட்டே ஆக வேண்டும் என்று அப்பத்தா சொல்லிவிட்டார். அந்த ஒரு சுவர் அவருக்கு.