6,900 ரூபாவுக்கு நான்கு ஆறுகள்

மகளின் பிறந்தநாளுக்கு யாழ்ப்பாணம் நகரத்துப் புத்தகக் கடை ஒன்றில் வாங்கிய பெட்டி இது, பழைய ஆற்றங்கரை நாகரிகங்களைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டுவது. மூடியில் சிந்து, நைல், யூப்ரடீஸ் - டைகிரிஸ், மஞ்சள் ஆறு என்று நான்கு படங்கள். உள்ளே ஒரு சின்னத் தராசு, கல்லில் செய்த எடைக்கற்கள், மூன்று முத்திரைகள், களிமண் பொட்டலம், நைல் வெள்ளம் காட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு, 72 அட்டைகள், ஒரு கையேடு. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடையின் பெயரும் செய்தவர்களின் பெயரும் வேண்டாம். மூன்று கிழமை விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் எடைக்கற்கள், ஏனென்றால் கொடுத்த காசுக்கு அவையே போதும். சிந்துவெளி எடைக்கற்கள் கனசதுரமானவை, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும், ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் லோத்தலிலும் கிட்டத்தட்ட ஒரே நிறைதான். பெட்டியில் 64 வரை இருக்க வேண்டும், அதில் எனக்கு வந்தது ஆறு கல், 32 இல்லை. அந்தக் கதை பிறகு. இருந்த ஆறையும் கஸ்தூரியார் வீதியில் எங்களுக்குப் பழக்கமான பத்தரிடம் கொண்டுபோய் அவருடைய இலத்திரனியல் தராசில் வைத்தோம். உண்மையான பதினாறாம் கல் 13.7 கிராமுக்குக் கிட்ட, இது 13.4 காட்டியது. விளையாட்டுச் சாமானுக்கு இது அதிகப்படியான நேர்மை. பத்தர் அந்தக் கல்லை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு "ஒண்டே முக்கால் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு" என்றார். சின்னக் கல் 0.86 கிராம் அளவு, அதாவது எட்டுக் குன்றிமணிக்குக் கிட்ட. தகப்பனார் காலத்தில் குன்றிமணி வைத்தே தங்கம் நிறுத்தார்கள் என்று அவர் சொல்லத் தொடங்க, மகள் தராசை மறந்துவிட்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு கல்லும் ஒவ்வொன்று இருந்தால் 1 முதல் 127 வரை எந்த எடையையும் நிறுக்கலாம் என்பதை வீட்டுக்கு வந்து அவளாகவே கண்டுபிடித்தாள், கையேட்டில் அது இல்லை.

கையேடுதான் இந்தப் பெட்டியின் பிரச்சினை. யாரோ எங்கேயோ ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழாக்கி அடித்திருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. சிந்துவெளிப் பெண்கள் "கடல் ஓட்டு வளையல்" அணிந்தார்களாம்! அது சங்கு ஐயா, சங்கு. இன்றைக்கும் எங்கள் கடலில் ஆட்கள் மூழ்கி எடுக்கிற அதே இனம். அதை அறுத்து வளையல் செய்கிற பட்டறைகள் குஜராத் கரையில் நாகேஸ்வரில் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. சீனத்து அட்டையில் ஷாங் அரசர் காலத்துக் கல்லறைகளில் வைத்த "கௌரி ஓடுகள்" என்று இருக்கிறது. தாயம் விளையாடுகிற சோகியைக் கையில் கொடுத்தால் ஒரு வசனம்கூடத் தேவையில்லை.

நைல் தட்டு நல்ல யோசனை, மோசமான பிளாஸ்டிக். கறுப்பு மண்ணைப் பரப்பி, ஆற்றுப் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி, கரை தாண்ட விட்டு, வடிந்த பிறகு பயறு தூவ வேண்டும். வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று எகிப்தியர் ஆண்டை மூன்றாகப் பிரித்த காரணம் அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும். மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறு பார்க்காத பிள்ளைக்கு இது பெரிய விசயம். எங்கள் தட்டு மூலையில் ஒழுகி மேசை நாசமாகி, அப்புறம் எல்லாம் முற்றத்தில்தான். தட்டோடு ஒரு சின்ன மரக்கருவி வருகிறது, நீண்ட தடி, ஒரு முனையில் வாளி, மறுமுனையில் பாரத்துக்கு மண் உருண்டை. கையேட்டில் பெயர் "ஷாடூஃப்", விளக்கம் ஒரு பக்கம். அம்மம்மா கதிரையில் இருந்தபடியே கேட்டார், "உது துலா எல்லோ பிள்ளை?" ஓம், துலாவேதான். ஆடுகாலும் துலாக்கொடியும் பட்டையுமாக எங்கள் தோட்டங்களுக்கு இறைத்த அதே சாமான். எகிப்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைச் சுவரில் அது இருக்கிறது. ஒரே ஒரு சொல் போட்டிருந்தால் அந்த ஒரு பக்கம் மிச்சம்.

சமயம் பற்றிய அட்டைகள்தான் ஆகவும் மோசம். எகிப்துக்கு ஒதுக்கிய சமய அட்டைகள் ஒன்பதும் மம்மி, மம்மி, மம்மிதான். ஆனால் அங்கே நாள்தோறும் விடியலில் பூசகர் கருவறையின் முத்திரையை உடைத்துத் திறந்து, தெய்வத்தின் சிலைக்குத் தைலம் பூசி, உடை மாற்றி, சாப்பாடு படைத்து, அந்தப் படையல் பிறகு பூசகர்களுக்கும் கோயில் ஆட்களுக்கும் போனது என்பது எங்கும் இல்லை. நல்லூர்க் கோயிலடியில் வளர்கிற பிள்ளைக்கு இதைவிட எளிதாகப் பிடிபடுகிற விசயம் வேறு உண்டா? யூப்ரடீஸ் - டைகிரிஸ் கரை மெசொப்பொத்தேமியாவுக்கும் அதே கதி. அங்கே 'ஊர்' (Ur) என்றே பெயர் கொண்ட நகரத்துச் சந்திரன் கோயில் படிப்படியான கோபுரமாக மட்டும் வருகிறது. கோயிலுக்கு வயல் இருந்தது, ஆட்டு மந்தை இருந்தது, நெசவுக்கு ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் படியாக பார்லி அளந்தார்கள், எழுத்தே உருக் நகரில் இந்த மாதிரிக் கணக்கு வைக்கத்தான் தொடங்கியது என்ற சுவையான பகுதி முழுக்க விடுபட்டிருக்கிறது.

சிந்துவெளிக்கு வந்தால் நேர்மாறு, அங்கே தெரியாததை எல்லாம் தெரியும் என்கிறார்கள். கொம்பு வைத்துச் சம்மணமிட்ட உருவம் உள்ள முத்திரைக்குக் கீழே "சிவன்", அவ்வளவுதான். அது தொல்லியலாளர் ஜான் மார்ஷல் முன்வைத்த கருத்து, மறுப்பவர்கள் நிறையப் பேர். கோயில் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு கட்டிடமும் அந்த நகரங்களில் கிடைக்கவில்லை, மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தையும் அப்படிச் சொல்ல முடியாது. மூடியில் வேறு சிந்துவெளி எழுத்தைத் "தமிழரின் முதல் எழுத்து" என்று பொன் நிறத்தில் அடித்து, பக்கத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரையின் படத்தையும் போட்டு விற்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த எழுத்தைக் கற்பதிலேயே ஆயுளைக் கழித்த ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் திராவிட மொழி என்று வாதாடினாரே தவிர, வாசித்து முடித்துவிட்டதாகச் சொல்லவில்லை. 1980 இல் கிடைத்த ஆனைக்கோட்டை முத்திரைக்கும் சிந்துவெளி நகரங்கள் வீழ்ந்த காலத்துக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இதை மறைத்துப் பிள்ளைக்குச் சொன்னால், வளர்ந்து தெரிந்துகொள்ளும் நாளில் எங்களைத்தான் திட்டும்.

வணிக அட்டைகள் தப்பித்துக்கொண்டன. மெசொப்பொத்தேமியாவின் அக்காட் அரசன் சர்கோன் தன் துறையில் மெலுகா நாட்டுக் கப்பல்கள் கட்டி நிற்பதாகப் பெருமை பேசியது, ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிச் சூதுபவள மணி கிடைத்தது, மெலுகா மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் முத்திரை இன்றும் இருப்பது எல்லாம் சுருக்கமாக, சரியாக வந்திருக்கின்றன. மெலுகா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அந்த மொழிபெயர்ப்பாளர் வீட்டில் எந்த மொழி பேசியிருப்பார் என்று மகள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சரி, 32 ஆம் கல். திரும்பக் கடைக்குப் போனபோது மகள் அட்டைக் கட்டில் இருந்து ஒன்றை உருவிக்கொண்டு வந்திருந்தாள், கி.மு. 1750 அளவில் மட்டமான செம்பு தந்த ஈயா-நாசிர் என்ற வியாபாரிக்கு நன்னி என்பவர் களிமண்ணில் எழுதிய முறைப்பாடு. அதை அப்படியே மேசையில் வைத்தாள். கடைப் பெடியன் வாசித்துவிட்டுச் சிரித்தான், "அடுத்த பெட்டி வரட்டும் அண்ணை, எடுத்துத் தாறன்" என்றான். தட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அது நடந்து பதினொரு நாள். இப்போதைக்குப் பத்தர் 27.4 கிராமுக்கு வெட்டித் தந்த பித்தளைத் துண்டுதான் 32 ஆக நிற்கிறது, அதற்கு அவர் காசும் வாங்கவில்லை.