களிமண் புறா சுடக் கூப்பிட்டு 624 பவுண்டைச் சுட்டுவிட்டார்கள்: இங்கிலாந்தில் இருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் யாராவது பிறந்தநாள், அலுவலக அவுட்டிங் என்று களிமண் புறா, அதாவது மெஷின் வீசும் தட்டைத் துப்பாக்கியால் சுடும் வவுச்சர் வாங்கும் யோசனையில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போய்ப் பார்க்கத் தகுந்த மைதானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன். சனிக்கிழமை நடந்தது, இன்னும் ஆறவில்லை. மனைவியின் தோள்பட்டை கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. போனது 624 பவுண்டு.

மச்சினன் புதுக்கோட்டைக்காரன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்த ஊர் அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் பிரிவில் இறங்கினாரே, அன்றிலிருந்து அவனுக்கு இந்த விளையாட்டின் மேல் ஒரு கிறுக்கு. அதே பிரிவில் தங்கம் வாங்கியவர் இங்கிலாந்தின் நேதன் ஹேல்ஸ். "மாமா, நாம இருக்கற நாட்டுலதான் இது ஊருக்கு ஊர் இருக்காமே, ஒரு தடவை போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பிறந்தநாள் வந்தது. சரி, குடும்பமும் நண்பர்களுமாக ஆறு பேர் போகலாம் என்று முடிவு செய்தோம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே துப்பாக்கி உரிமம் இல்லாதவர்களும் இதைச் சட்டப்படி செய்யலாம். 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 11(6) பிரிவு அதற்கு வழி விடுகிறது: அந்த வட்டாரத்துக் காவல்துறைத் தலைவர் ஒப்புதல் தந்த இடத்தில், ஒப்புதல் தந்த நேரத்தில், செயற்கை இலக்குகளை மட்டும் சுடலாம். இலக்கு என்பது 110 மில்லிமீட்டர் அகலத்தில், ஏறக்குறைய 105 கிராம் எடையில், சுண்ணாம்புக்கல் பொடியும் பிட்ச் என்ற தார் போன்ற பொருளும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டு. மெஷின் அதை வீசும், நாம் பறக்கும்போதே உடைக்க வேண்டும். உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுடுவதை 1921-லேயே இங்கே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஜீவகாருண்யம் பார்க்கிறவர்களும் தயங்க வேண்டியதில்லை. விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோபமெல்லாம் விற்றவர்கள் மேல்தான்.

விற்றது, 'அனுபவங்களை'ப் பரிசாக விற்கும் ஒரு இணையதளம். ஸ்பா, பலூன் சவாரி, ரேஸ் கார் ஓட்டுவது, அந்த வரிசையில் இதுவும். ஆளுக்கு 89 பவுண்டு, ஐம்பது கிளே (நான் சொன்ன அந்தத் தட்டு), தகுதி பெற்ற பயிற்சியாளர், தேநீர் என்று போட்டிருந்தது. படத்தில் ஒரு பள்ளத்தாக்கு, உயரமான கோபுரம், மரத்தால் கட்டிய குடில். படத்தைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடவில்லை. வாங்குவதற்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டோம். எடுத்த பெண்மணி அவ்வளவு பொறுமையாகப் பேசினார். நான் எதுவும் கேட்காமலே, "உங்கள் குழுவில் இடதுகைக்காரர்கள் உண்டா? உயரம் குறைந்தவர்கள் உண்டா? தோளில் வைக்கும் துப்பாக்கியின் கட்டை அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும்" என்றார். எனக்கு நம்பிக்கை வந்த இடம் இதுதான். விஷயம் தெரியாத ஆள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். நண்பர் இடதுகைக்காரர், மனைவி ஐந்தடிக்குக் கீழே என்று சொன்னேன். "குறித்துக்கொண்டேன், மைதானத்துக்குத் தெரிவித்துவிடுகிறோம்" என்றார். எங்கே குறித்தாரோ, அந்தக் காகிதத்தை எந்தக் காற்று கொண்டுபோனதோ, மைதானத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

ஆறு வவுச்சர், 534 பவுண்டு. கட்டின கையோடு தேதி பார்க்கப் போனால் நாட்காட்டி காலி. "புதிய தேதிகள் அடுத்த வாரம் திறக்கும்" என்றார்கள். அடுத்த வாரமும் அதே பதில். இணையத்தில் வாங்கிய தேதி குறிக்காத வவுச்சரைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை இங்கே உண்டு. அந்தப் பதினான்கு நாளை இப்படியே பேசிக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காட்டினார்கள். வார இறுதி என்பதால் ஆளுக்கு 15 பவுண்டு கூடுதலாம். இன்னொரு 90. மொத்தம் 624 பவுண்டு.

தேதி ஏன் கிடைக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் புரிந்தது. படத்தில் இருந்த பள்ளத்தாக்கு இல்லை, கோபுரம் இல்லை. ஒரு பண்ணையின் வயல். இங்கே திட்ட அனுமதி வாங்காமல் ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் வரை தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்தலாம். பல ஞாயிற்றுக்கிழமைப் பண்ணை மைதானங்கள் அப்படித்தான் நடக்கின்றன. அதில் தவறே கிடையாது. ஒழுங்கான ஆட்கள், குறைந்த விலை, கொதிக்கும் தேநீர் என்று அருமையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 28 நாள் மட்டும் திறக்கும் வயலுக்கு, ஏதோ தினமும் திறக்கும் மைதானம் போலப் படம் போட்டு வவுச்சர் விற்றுத் தள்ளினால் அதற்கு என்ன பெயர்?

எங்களையும் இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே பயிற்சியாளர். எந்தச் சங்கத்தின் தகுதி என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "முப்பது வருடமாகச் சுடுகிறேன், போதாதா?" என்றார். மெஷின் இரண்டே இரண்டு. இரண்டும் இடமிருந்து வலமாக ஒரே மாதிரி வீசின. நின்ற இடமோ தென்கிழக்கு பார்த்து, காலை வெயில் நேராகக் கண்ணில். தட்டு வானத்தில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

இதற்கு முன் அலுவலக நண்பரோடு சில்டர்ன் மலைப்பக்கத்து மைதானம் ஒன்றுக்குப் போயிருக்கிறேன், அதனால்தான் வயிறு இன்னும் அதிகமாக எரிகிறது. அங்கே முதல் கால் மணி நேரம் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. தூரத்தில் ஒரு பொருளை விரலால் சுட்டிக்காட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, எந்தக் கண் ஆளும் கண் என்று பார்த்தார்கள். வலதுகைக்காரருக்கு இடது கண் ஆள்வதாக இருந்தால் எவ்வளவு சுட்டாலும் தட்டுக்குப் பக்கத்தில்தான் போகும். அப்புறம் தோளில் துப்பாக்கியை வைத்துப் பார்த்து, கட்டை நீளமாக இருந்தால் வேறு கொடுத்தார்கள். மெலிந்தவர்களுக்கு 12 போர் (bore, துப்பாக்கிக் குழாயின் அளவு) வேண்டாம் என்று அதைவிடச் சின்னதான 20 போர், அல்லது 12 போரிலேயே 21 கிராம் ஈயம் உள்ள மென்மையான தோட்டா. முதல் தட்டு நம்மை நோக்கி மெதுவாக மிதந்து வந்தது, யாராலும் உடைக்க முடியும். உடைத்த சந்தோஷம் வந்த பிறகுதான் குறுக்கே போவது, நேர்மேலே எகிறுவது, தரையில் உருண்டு குதித்து ஓடும் 'முயல்', கோபுரத்திலிருந்து தலைக்கு மேல் வருவது என்று ஒவ்வொன்றாக அழைத்துப் போனார்கள். நிற்கும் இடமெல்லாம் வடக்கு பார்த்து, வெயில் முதுகுக்குப் பின்னால். மெஷினிலிருந்து தட்டு உடைந்தே வெளியே வந்தால் அது கணக்கில் கிடையாது, இன்னொன்று. அங்கே வரும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால், மெஷின்களை அடிக்கடி இடம் மாற்றி வைக்கிறார்கள், அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறோம் என்றார்கள். ஒரு மைதானம் போகத் தகுந்ததா இல்லையா என்பது குடிலின் அழகில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

நாங்கள் போன வயலில் எல்லாருக்கும் ஒரே அளவு 12 போர், எல்லாருக்கும் 28 கிராம் தோட்டா. மனைவிக்கு அந்தக் கட்டை முழங்கை வரை நீண்டது. வேறு கொடுங்கள் என்றால், "சாய்ந்து பிடியுங்கள்" என்று பதில். சாய்ந்து பிடித்ததன் பலன்தான் அந்த நீலம். இடதுகை நண்பரை "வலது தோளில் வைத்துப் பாருங்களேன்" என்றார். காதுக் கவசத்தில் பாதிக்குப் பஞ்சு பிய்ந்து தொங்கியது. பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் இல்லை.

எழுதும்போதே கை நடுங்கும் விஷயம் ஒன்று. அந்தப் பயிற்சியாளர் நடுவில் கைபேசியில் பேசப் போய்விட்டார். அடுத்த கூட்டத்து இளைஞர் ஒருவர், இரண்டு தோட்டாவும் உள்ளே இருக்க, மூடிய துப்பாக்கியோடு "இப்போ சுடலாமா?" என்று எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லாரும் குனிந்துவிட்டோம். நல்ல இடத்தில் புதியவரின் துப்பாக்கியில் பயிற்சியாளர்தான் தோட்டா போடுவார், பக்கத்தை விட்டு அசைய மாட்டார். சுடாத நேரம் முழுக்கத் துப்பாக்கி மடித்துத் திறந்திருக்க வேண்டும். அந்தப் பையன் மேல் தப்பே இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைசியில், ஐம்பது கிளே என்று விற்றதில் ஆளுக்கு இருபதுதான். உடைந்து வந்ததையும் சேர்த்து எண்ணியே இருபது. மீதி எங்கே என்றால், "உங்கள் வவுச்சரில் இருபதுதான் எனக்கு வந்திருக்கிறது. வேண்டுமானால் தோட்டாப் பெட்டிக்குக் காசு கொடுத்துத் தொடரலாம்." மச்சினன் மெதுவாக, "மாமா, இதுக்கா இவ்வளவு காசு கொடுத்தீங்க?" என்றான். பிறந்தநாள் அதுவுமாக அவன் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தான்.

அன்று மாலையே இணையதளத்தைக் கூப்பிட்டேன். இந்த முறை அந்தப் பொறுமையான பெண்மணி இல்லை. "சேவை தந்தது மைதானம், அவர்களிடம் பேசுங்கள்." மைதானத்துக்காரரைக் கூப்பிட்டால், "உங்களிடம் என்ன வாங்கினார்களோ எனக்குத் தெரியாது, எனக்குத் தலைக்கு 35 பவுண்டுதான் வருகிறது. 35-க்கு இருபது கிளேதான் போட முடியும்" என்றார். அவர் கணக்கு அவருக்கு. 104 பவுண்டு கொடுத்தவனுக்கு 35 பவுண்டு சமாசாரம் கிடைத்திருக்கிறது, மீதி நடுவில் கரைந்துவிட்டது. மறுபடி இணையதளம். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில். மறுபடி. ஒரு மேலாளர் வந்தார், வருத்தம் தெரிவித்தார், நல்லெண்ண அடையாளமாக 40 பவுண்டு தள்ளுபடிக் கூப்பன் தருகிறேன் என்றார். எதற்கு? ஸ்பாவுக்கு! 624 பவுண்டுக்கு 40 பவுண்டு, அதுவும் மேலே இன்னும் காசு போட்டால்தான் செல்லும். மனைவியின் தோளுக்கு ஸ்பா நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ.

காவல்துறையின் 11(6) ஒப்புதல் அந்த வயலுக்கு இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டேன். "எங்கள் கூட்டாளிகள் எல்லாரும் சரிபார்க்கப்பட்டவர்கள்" என்று ஒரு வரி. கேட்ட கேள்விக்கு ஆம், இல்லை என்று பதில் கிடையாது. நல்ல இடங்களில் போனவுடனேயே ஒரு படிவம் நீட்டுவார்கள், சிறைத் தண்டனை காரணமாகத் துப்பாக்கி தொடத் தடை உள்ளவர் நீங்கள் இல்லை என்று கையெழுத்து வாங்க. இங்கே பெயர்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

அப்புறம் கடனட்டை நிறுவனம். 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் அட்டை நிறுவனமும் பொறுப்பு. தெம்பாகக் கூப்பிட்டேன். ஆறு வவுச்சரும் தனித்தனிப் பொருள், ஒன்று 89 பவுண்டு, நூறைத் தொடவில்லை, ஆகவே செல்லாது என்றார்கள். 15 பவுண்டைச் சேர்த்தால் நூற்று நான்கு ஆகிறதே என்றேன். அது தனியாகக் கட்டிய கட்டணமாம். 89 என்று விலை வைத்தவன் தெரிந்துதான் வைத்தானோ! கட்டின பணத்தை அட்டை நிறுவனம் வழியாகத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் என்று வேறொரு வழி இருக்கிறது, விண்ணப்பித்திருக்கிறேன்.

சரி, சொன்ன ஆலோசனை. இடைத்தரகு வவுச்சர் வேண்டாம், மைதானத்தையே நேரடியாகக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். கிளே பிஜன் ஷூட்டிங் அசோசியேஷன் தளத்தில் பதிவு பெற்ற மைதானங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், தலைக்கு எத்தனை கிளே, 20 போர் இருக்கிறதா, 11(6) ஒப்புதல் உண்டா, இந்த நாலையும் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். குழுவாகப் போனால் ஆளுக்கொன்றாக வாங்காமல் ஒரே தொகுப்பாக, 100 பவுண்டுக்கு மேல் வரும்படி, கடனட்டையில் கட்டுங்கள். தேதி காட்டாமல் இழுத்தால் பதினான்கு நாளுக்குள் ரத்து செய்துவிடுங்கள். பயிற்சியாளர் கைபேசியை எடுத்துக்கொண்டு நகர்ந்தால் நீங்களும் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், பொறுமை வந்ததும் எழுதுகிறேன். இப்போது அந்த இணையதளத்துக்கு 624 பவுண்டைக் கேட்டு முறையான புகார்க் கடிதம் தட்ட வேண்டும்.