ஹை பவர் மைக்ரோவேவ் ரேடியோ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: '29 டிபிஎம்' என்ற எண் டேட்டாஷீட்டின் எந்த வரிசையில் இருக்கிறது?

டெக்சஸில் வளைகுடாக் கரையை ஒட்டிய ஊர்ப்புறங்களுக்கு வயர்லெஸ் இன்டர்நெட் கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். எங்கள் இரண்டு டவர்களுக்கு இடையே 40 கிலோமீட்டர். லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த லிங்க், அக்கம்பக்கத்து இரைச்சலில் தாக்குப்பிடிக்கவில்லை. 11 கிகாஹெர்ட்ஸில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) லைசென்ஸ் எடுத்துப் போடுவதென்று முடிவாகி, இரண்டு ரேடியோக்களை ஒப்பிட்டுக் கொட்டேஷன் தரச்சொல்லி ஒரு ரீசெல்லரைக் கேட்டோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். இந்த வித்தையை அவர் ஒருவர்தான் காட்டுகிறார் என்றில்லை.

வந்த அட்டவணையில் ஒரு ரேடியோவுக்கு நேரே '29 டிபிஎம், ஹை பவர்' என்றும், மற்றதற்கு நேரே '23 டிபிஎம்' என்றும் இருந்தது. டிபிஎம் என்பது ரேடியோ அனுப்பும் பவரின் அளவு. வேகம் இரண்டுக்குமே '1 ஜிகாபிட்'. ஹை பவர்காரனுக்கு விலை கணிசமாக அதிகம். 6 டிபி (டெசிபெல்) கூட என்றால் பவர் நாலு மடங்கு. எங்கள் முதலாளி யோசிக்கவே இல்லை, ஆர்டர் போட்டுவிட்டார்.

ரேடியோ வந்து, டிஷ்களைத் திருப்பி அலைன் செய்து முடித்த பிறகும், ரிசீவ் சிக்னல் கணக்கில் சொன்னதைவிட 9 டிபி குறைவாகவே நின்றது. முதலில் அலைன்மென்ட்டைச் சந்தேகித்தோம், பிறகு சைட் லோபில் (டிஷ்ஷின் முதன்மைக் கற்றைக்குப் பக்கத்தில் சிதறும் பலவீனமான கற்றை) பூட்டிக்கொண்டதோ என்று பார்த்தோம். இரண்டுமில்லை. தயாரிப்பாளரின் முழு டேட்டாஷீட்டை வரவழைத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. அதில் ஒவ்வொரு மாடுலேஷனுக்கும், அதாவது அலையில் டேட்டாவை ஏற்றும் முறைக்கும், ஒரு வரிசை உண்டு. 29 டிபிஎம் என்பது மெதுவான க்யூபிஎஸ்கே வரிசையில் உள்ள எண். வேகத்தை எடுத்திருப்பதோ வேகமான 4096 குவாம் வரிசையிலிருந்து. அந்த வரிசையில் இதே ரேடியோவின் பவர் 20 டிபிஎம்தான். லாரியின் முதல் கியர் இழுவையையும் கடைசி கியர் வேகத்தையும் சேர்த்துச் சொல்லி விற்பதைப் போன்ற வேலை இது.

இது ரேடியோவின் குறை இல்லை. குவாம் எண் ஏற ஏற, டேட்டாவைக் குறிக்கும் சிக்னல் புள்ளிகள் நெருங்கிவிடும். ஆம்ப்ளிஃபையர் சிக்னலைக் கொஞ்சம் வளைத்தாலும் ஒன்றோடொன்று குழம்பும். அதனால் பவரைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும். எல்லாக் கம்பெனி ரேடியோவுக்கும் இதுதான் கதி. மோசடி ஒப்பீட்டில் இருக்கிறது. மற்ற ரேடியோவின் 23 டிபிஎம்மை அவர் 1024 குவாம் வரிசையிலிருந்து எடுத்திருந்தார். அதே 1024-இல் 'ஹை பவர்' ரேடியோ தருவது 22. அதாவது, மலிவானதுதான் 1 டிபி கூட!

கணக்கைப் பாருங்கள். 11 கிகாஹெர்ட்ஸில் 40 கிலோமீட்டருக்கு வெற்றுவெளி இழப்பு சுமார் 145 டிபி. 4 அடி டிஷ் ஒன்று சிக்னலைக் குவித்துத் தரும் கூடுதல் பலம் 40 டிபிஐ. 29 டிபிஎம் அனுப்பினால் அந்தப் பக்கம் -36 டிபிஎம் வரும். 20 அனுப்பினால் -45. 80 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 4096 குவாம் நிற்க ஏறக்குறைய -50 வேண்டும். அவர் தந்த பாத் ரிப்போர்ட்டில் (லிங்க் எப்படி ஓடும் என்ற கணிப்பு) இருந்த 14 டிபி மார்ஜின், அதாவது சிக்னல் குறைந்தாலும் தாங்கும் இடைவெளி, உண்மையில் 5 டிபி. எங்கள் பக்கத்து இடிமழையில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுவது அதிசயமில்லை. அந்த மழையில் கிலோமீட்டருக்கே சுமார் 4 டிபி போகும். மழை வந்தால் ரேடியோ குவாமை இறக்கிக்கொண்டு லிங்க்கை உயிரோடு வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் க்யூபிஎஸ்கேக்கு இறங்கினால் கிடைப்பது 100 மெகாபிட்டை ஒட்டி. மழை நாளில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்க்கும் சாயங்காலத்தில் அதை வைத்து என்ன செய்ய?

அந்த 1 ஜிகாபிட்டும் அப்படித்தான். 80 மெகாஹெர்ட்ஸில் ஒரு போலரைசேஷனுக்கு (அலை அதிரும் திசை) 4096 குவாமில் 700 சொச்சம் மெகாபிட் வரும். மிச்சம், 64 பைட் பாக்கெட்டுகளை அனுப்பி ஹெடர் கம்ப்ரெஷனில் (பாக்கெட்டின் முகவரிப் பகுதியைச் சுருக்குவது) காட்டும் கணக்கு. பெரிய பாக்கெட்டுகள் ஓடும் நிஜ டிராஃபிக்கில் அது வராது. போதாததற்கு, அந்த 700-ஐயே திறக்கத் தனியாகக் கெபாசிட்டி கீ என்ற சாஃப்ட்வேர் அனுமதியை வாங்க வேண்டியிருந்தது. கொட்டேஷனில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. கீ சீரியல் நம்பரோடு பூட்டப்பட்டது, ஒரு ரேடியோவில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. பழைய ரேடியோ வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஸ்பேராக வந்த ரேடியோவின் டைப்ளெக்சர் (அனுப்பும், வாங்கும் அலைவரிசைகளைப் பிரிக்கும் ஃபில்டர்), எங்கள் லைசென்ஸ் அலைவரிசையைத் தொடவே இல்லை. சாஃப்ட்வேரில் மாற்றக்கூடிய விஷயமும் இல்லை. அதற்கு ரீசெல்லர் சொன்ன யோசனை: "லைசென்ஸில் அலைவரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், டிஸ்கவுண்ட் தருகிறேன்." மாற்றுவதென்றால் சுற்றியுள்ள லைசென்ஸ்தாரர்களுக்கு மறுபடி நோட்டீஸ், அவர்கள் பதிலுக்கு 30 நாள், அதன்பின் எஃப்சிசியில் புது விண்ணப்பம். தன் கிடங்கில் தேங்கிய சரக்குக்காக எங்களை இவ்வளவும் செய்யச் சொல்கிறார்.

நீங்கள் ஓட்டப்போகும் குவாமில், உங்கள் சேனல் அகலத்தில், பவர் எவ்வளவு, த்ரெஷோல்ட் (லிங்க் நிற்கத் தேவையான குறைந்தபட்ச சிக்னல்) எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 'டிபிக்கல்' எண்ணா, உத்தரவாத எண்ணா என்பதையும் சேர்த்து. வேகத்தை 1518 பைட் பாக்கெட்டில், கம்ப்ரெஷன் இல்லாமல், ஒரு திசைக்கு மட்டும் கேளுங்கள். சிலர் இரு திசையையும் கூட்டிச் சொல்வார்கள். பாத் ரிப்போர்ட் வந்ததும் அதில் எந்தப் பவரைப் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பார்ட் நம்பரையும் லைசென்ஸையும் பக்கத்தில் வைத்து சப்பேண்ட் (அந்த ரேடியோ ஓடக்கூடிய அலைவரிசைப் பகுதி) சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஸ்பேரை மட்டும் அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். பவர் விஷயத்தில் "அதிகபட்சம் என்றுதானே போட்டிருக்கிறது" என்பதோடு சரி. இப்போது இரு முனையிலும் 6 அடி டிஷ் போட்டு, முனைக்கு மூன்றரை டிபி வீதம் ஈடுகட்டியிருக்கிறோம். அதற்காக லைசென்ஸில் ஆன்டெனாவைத் திருத்தினோம். டவர்காரர் காற்றுச் சுமையை மறுபடி கணக்குப் பார்த்து வாடகையையும் ஏற்றிவிட்டார். அந்த வாடகை வித்தியாசத்தைக் கேட்டு ரீசெல்லருக்கு அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.