சில்லி கோரல் வாங்கிய கடை: எட்டு மாத அனுபவம்

கோவை காந்திபுரத்தை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சிறிய கடல்மீன் வளர்ப்புக் கடையில், கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மென்பவளமான சில்லி கோரலை நான் வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. எங்கள் ஊரான ஈரோட்டின் வெயிலையும் தாண்டி அது இன்றும் உயிரோடு இருப்பதற்கு, கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பக்குவமே முதற்காரணம்.

மற்றப் பவளங்கள் பலவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளியைக் கொண்டு அவற்றுக்கு உணவு தயாரித்துக் கொடுக்கிறது. சில்லி கோரலுக்கு அந்தப் பாசி கிடையாது என்பதால், எவ்வளவு விலையுயர்ந்த விளக்கை மாட்டினாலும், நாம் ஊட்டாவிட்டால் அது பட்டினியால் மெல்லக் கரைந்துபோகும். இதை வாயால் சொல்லி நிறுத்தாமல், கடைக்காரர் அன்று மாலை தொட்டி விளக்கை அணைத்து என்னைக் காத்திருக்கச் செய்தார். காய்ந்த மிளகாய் போலச் சுருங்கிக் கிடந்த செந்நிறத் தண்டு நீரேறிப் பருத்தது. அதன் மேலெங்கும் எட்டெட்டு இதழ்களோடு வெண்ணிறப் பாலிப்புகள் (பூப்போன்ற சிறு பவள உயிர்கள்) விரிந்தன. பிறகு நீரோட்டத்தைக் குறைத்து, அன்று முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்) குஞ்சுகளைப் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயால் அதன் முன்னே விட்டார். இதழ்கள் மடிந்து இரையை உள்ளே இழுப்பதை நான் பார்த்த பிறகே பணம் வாங்கினார்.

நான் முதலில் கேட்டது சன் கோரல் என்ற கல் பவளம். "அது வேண்டாமுங்க, கல் பவளம் எல்லாம் சட்டத்துல பாதுகாத்து வச்சிருக்காங்க" என்று மறுத்துவிட்டார். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001இல் சேர்க்கப்பட்டன. விற்பனை போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்ன மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது.

பாறை விளிம்பின் அடியில், நிழலில், தலைகீழாகத் தொங்கும்படி வைத்தால் அழுக்கும் பாசியும் படியாது என்ற அவருடைய யோசனை அப்படியே பலித்தது. தினமும் ஊட்டுவதால் நீரில் நைட்ரேட் என்ற கழிவுப்பொருள் ஏறும் என்று முன்கூட்டியே எச்சரித்து, நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரை அளவில் பெரியதாக வாங்கச் சொன்னார். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரைத் தவிர்த்து, ஆர்ஓ நீரில் கடலுப்பு கலந்து வாரந்தோறும் தண்ணீர் மாற்றுகிறேன்.

குறை ஒன்று உண்டு. பவளத்துக்கு உணவாகும் நுண்ணுயிரான ரோட்டிஃபரை உறைந்த நிலையில் அவர்கள் மெல்லிய பையில் கட்டித் தருவதால், ஈரோடு வந்து சேர்வதற்குள் அது உருகிவிட்டது. உருகியதை மறுபடி உறைய வைத்துப் போட்டால் தொட்டி நீர் கெடும் என்பதால், அந்தப் பொட்டலம் முழுவதையும் வீணாக்க வேண்டியதாயிற்று. தெர்மாகோல் பெட்டியைக் கடையே தர வேண்டும். அதுவரை வெளியூர்க்காரர்கள் ஐஸ் பெட்டியோடு போவது நல்லது.