இறக்கிய போலோவும் தெருமுனை வேகத்தடையும்

கடந்த மாதம் ஓசூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஃபோக்ஸ்வேகன் போலோ கார் லிஃப்டில் ஏறி நிற்க, அதன் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் எண்ணெய் கசிந்து கருத்துப்போய்த் தரையில் கிடந்த நேரத்தில், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் அனுப்பும் என் சித்தி மகன் கைப்பேசியில் அழைத்தான். அவனிடமும் இதே 1.0 டிஎஸ்ஐ போலோதான் இருக்கிறது. "அண்ணா, இருக்கிற வண்டிக்கே ரெண்டு லட்சம் செலவு பண்ணி பவர் ஏத்திக்கட்டுமா, இல்ல கடன் போட்டு கோல்ஃப் ஜிடிஐ எடுத்துரட்டுமா?" என்று கேட்டான். ஜிடிஐ என்பது அதே ஃபோக்ஸ்வேகனின் பெரிய, வேகமான கார். அந்தக் கோலத்தில் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. அப்போது அவனுக்குச் சொன்ன பதில் எழுதும் தரத்தில் இல்லை. ஆறப்போட்டு யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று சிலிண்டர் டர்போ, 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் மேனுவல். 2021-இன் தொடக்கத்தில் வாங்கினேன். அடுத்த ஆண்டே இந்தியாவில் போலோவின் கதை முடிந்துவிட்டது. பாலக்கோட்டில் சொட்டுநீர்ப் பாசனப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். சரக்கு, வசூல் என்று வாரத்தில் இரண்டு நாளாவது மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய் வருவேன். இப்போது 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் 24,000 கிலோமீட்டர் வரை கார் ஆலை அனுப்பியபடியே ஓட்டினேன். அதன் பிறகு, அதாவது 2022-இன் நடுவில், எனக்குக் கை துறுதுறுத்தது.

முதலில் செய்தது ரீமேப். டர்போவின் காற்றழுத்தத்தையும், எரிபொருள் அளவையும், தீப்பொறி விழும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் இசியு என்கிற எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் வேலை அது. தாளில் எத்தனை குதிரைத்திறன் கூடியது என்று ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுத்தார்கள்; அந்தத் தாளை நான் முழுதாக நம்பவில்லை. நம்பியது ராயக்கோட்டைச் சாலையைத்தான். தக்காளிக் கூடை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, எதிரே சாலை திறந்த கணத்தில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்த இடங்களில், ரீமேப்புக்குப் பிறகு மூன்றாவதிலேயே மிதித்தால் போதும் என்றாயிற்று. முந்திச் செல்லும்போது எதிர்ச் சாரியில் இருக்கும் நேரம் குறைந்தது. இந்தச் செலவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. கூடிய முறுக்குவிசையை அதே பழைய கிளட்ச்தான் தாங்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஒன்றாவது கியரில் விளையாடுவதை விட்டுவிட்டேன்.

உண்மையில் என்னை வியக்க வைத்தது, யாரும் பெருமையாகப் பேசாத இரண்டு வேலைகள். ஆலையிலிருந்து வந்த டயர் தேய்ந்ததும் அதே அளவில், அதாவது 195/55 ஆர்16-இல், பிடிமானம் கூடுதலான நல்ல டயர் நான்கையும் மாற்றினேன். கூடவே பிரேக் பேடுகளை மாற்றி, பிரேக் ஆயிலையும் புதிதாக ஊற்றச் சொன்னேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் கொதித்துக் குமிழி கட்டி, பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். தொப்பூர் கணவாயில் தருமபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிறவர்கள் இறக்கத்தில் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்று பாடமாகப் படிக்கத் தேவையில்லை, சாலையோரம் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளைப் பார்த்தாலே போதும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்குக் காட்டுக்குள் இறங்கும் வளைவுகளில், புது டயரும் புது பிரேக்குமாக முதன்முதலில் போன ஞாயிற்றுக்கிழமை, இது வேறு வண்டி என்றுதான் தோன்றியது. இரண்டுக்கும் சேர்த்து 41,000 ரூபாய் ஆனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

நிறுத்தவில்லை. வளைவில் வண்டி சற்றுச் சாய்கிறதே என்று ஒரு குறை மனதில் முளைத்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரிந்த இடைவெளியும் கண்ணை உறுத்தியது. உறுத்தியதில் பாதி அழகுக்காகத்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். சிவப்புச் சாயம் பூசிய, 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் நான்கை வாங்கி மாட்டினேன். ஆலைக் கணக்கில் வண்டிக்கும் தரைக்கும் இடையே 165 மி.மீ. இடைவெளி, மாட்டிய பிறகு 130. இந்த 35 மில்லிமீட்டர்தான் அடுத்த மூன்று ஆண்டுகள் என் வாழ்க்கையை ஓட்டியது.

எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. ஒரு விபத்து நடந்த மறுநாள் காலையில் அது அங்கே இருந்தது. போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வரையறைப்படி வட்டமுதுகு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். அந்த அகலத்துக்குக் காரணம் இருக்கிறது. போலோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2.5 மீட்டருக்குள்தான். மேடு அதைவிட அகலமாக இருந்தால் வண்டி முழுவதும் அதன்மேல் ஏறி, முழுவதும் இறங்கும், வயிற்றுக்கு வேலையில்லை. மேடு குறுகலாக இருந்தாலோ, முன்சக்கரம் தாண்டி இறங்கிவிட, பின்சக்கரம் இன்னும் ஏறாதிருக்க, மேடு முழு உயரத்தோடு வண்டியின் வயிற்றுக்குக் கீழே வந்து நிற்கும். எங்கள் தெருமுனை மேட்டை ஒருநாள் கோபத்தில் டேப் வைத்து அளந்தேன். அகலம் 1.1 மீட்டர், உயரம் 14 செ.மீ. 165 தாண்டும், 130 தாண்டாது. இதற்கு டேப்பே தேவையில்லை, ஓசை போதும்: முதலில் பிளாஸ்டிக் உரசும் ஒரு மெல்லிய கீச்சு, அதன் பிறகு சைலன்சர் குழாயின் இணைப்பு கல்லில் இழுபடும் ஒரு கரகரப்பு. தேங்காய் துருவும் ஓசை என்பாள் என் மனைவி.

வண்டியைக் குறுக்காகச் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் தப்பிக்கலாம் என்பது இறக்கிய வண்டிக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த வித்தை. நான் தனியாகப் போகும்போது அது பலித்தது. நான்கு பேர் ஏறினால் பலிக்காது. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியன்று அம்மாவையும் சித்தியையும் அழைத்துச் சென்றேன். வழியில் இருந்த வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் இறங்கிக்கங்கம்மா" என்று சொல்லி, அவர்கள் பூசைக் கூடையோடு மேட்டைத் தாண்டி நடந்து வர, நான் வண்டியைச் சாய்த்து இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது முறை இறங்கியபோது அம்மா கதவைச் சாத்தாமல் நின்று, "இதுக்கு நாம டவுன் பஸ்லயே வந்திருக்கலாம்ப்பா. கண்டக்டர் வழியில இறங்கச் சொல்ல மாட்டாரு" என்றார். பின்னால் நின்ற டெம்போக்காரர் ஹாரன் அடிக்கக்கூட இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

இத்தனைக்கும் அந்த ஸ்பிரிங்குகளை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அஞ்செட்டிச் சாலையின் வளைவுகளில் வண்டி சாயாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பிய மறுகணமே மூக்கைத் திருப்பிய அந்த விதம், கையில் பிடித்த கத்திபோல இருந்தது. ஆனால் அதன் விலையை ஷாக் அப்சார்பர்கள் கட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் குட்டையானால் ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி உள்ளே அமுங்கிய நிலையில்தான் வேலை செய்யும். மேடு பள்ளத்தில் அது மேற்கொண்டு அமுங்குவதற்கு இடம் குறைவு. சின்னப் பள்ளத்திலேயே முடிவுக்கு வந்து ரப்பர் கட்டையில் இடிக்கும். ஆலை கொடுத்த ஷாக் ஆலை கொடுத்த ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. நான் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கை அப்படியே விட்டேன், மிச்சம் பிடிக்கிறேன் என்று. மாட்டிக் கொடுத்தவர்களும் "ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். மூன்று ஆண்டில் நான்கு ஷாக்கும், மேல் மவுண்டும், லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயின. ரசீது 34,600 ரூபாய். ஸ்பிரிங்கின் விலையே 22,000தான்.

இப்போது தம்பியின் மறுபாதிக் கேள்விக்கு வருகிறேன். கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு 2025 மே மாதம் 52.99 லட்சம் ஷோரூம் விலையில் வந்தது. முழுதாகக் கட்டி இறக்குமதியான வண்டி. முதல் தவணை 150 வண்டிகளும் விலை அறிவிக்கும் முன்பே முன்பதிவில் தீர்ந்தன. 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 நொடி. என் போலோவை எவ்வளவு முறுக்கினாலும் இந்தக் கணக்கின் அருகில் போகாது; இதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 விழுக்காடு. இந்த வரி மட்டுமே 10 லட்சத்தைத் தொடும். அதாவது நாங்கள் இருவரும் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியின் ஷோரூம் விலையை வரியாகவே கட்ட வேண்டும்.

பணத்தை விடுங்கள், மாம்பழம் இந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருக்கலாம். அவனிடம் நான் கேட்டது வேறு. ஜிடிஐயின் தரை இடைவெளி 136 மி.மீ. நான் காசு கொடுத்து இறக்கி, மூன்று ஆண்டு தேங்காய் துருவியது 130. எங்கள் தெருமுனை மேடு 140. கோல்ஃபின் சக்கர இடைத்தூரமோ போலோவைவிட நீளம், 2.6 மீட்டருக்கும் மேல். நீளம் கூடக்கூட வயிறு மேட்டில் தட்டுவதும் கூடும். ஆக, எனக்கு 22,000 ரூபாய்க்குக் கிடைத்த தொல்லையை அவன் ஐம்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து, அதுவும் ஆலையிலிருந்தே, திரும்பக் கழற்ற வழியில்லாமல் வாங்கப் போகிறான். காவேரிப்பட்டினத்தில் அவன் மாமனார் வீட்டுச் சந்தில் இருக்கும் மேட்டை நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் தெரு மேட்டுக்கு அண்ணன்.

பெங்களூரில் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் கிடைக்குமே என்று அவன் அடுத்த கல்லை எறிந்தான். 2017-இல் வந்த 230 குதிரைத்திறன் வண்டி, 2020-இல் 200 மட்டும் வந்த 245 குதிரைத்திறன் வண்டி இரண்டுமே நல்ல இயந்திரங்கள்; அந்தப் பெரிய டிக்கியில் என் கடைச் சரக்குகூட ஏறும். ஆனால் அதுவும் சாதாரண ஆக்டேவியாவைவிடத் தாழ்ந்த வண்டிதான். கர்நாடகப் பதிவு வண்டியை நிரந்தரமாக இங்கே வைத்துக்கொள்ள என்ஓசி என்கிற ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, எண் மாற்ற வேண்டும். ஓசூரில் கேஏ எண்ணோடு பல ஆண்டு ஓட்டுகிறவர்களைக் காட்டுவான். காட்டட்டும்.

மாற்றியமைப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு என்பதை நான் 2022-இல் சரியாக யோசிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று உரிமையாளர் தலையில் கட்டியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் வந்து நிற்கும். ரீமேப்பைப் புகழ்ந்து எழுதிய அதே கையால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக், "அண்ணா, பழைய ஸ்பிரிங்கு வச்சிருக்கீங்களா, எடைக்குப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார். போடவில்லை. சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து, புது ஷாக்கோடு மாட்டி வந்தாயிற்று. முதல் நாள் தெருமுனையில் நான் பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கைச் சாய்த்துத் திருப்ப, அம்மா கதவுப் பிடியில் கை வைத்து இறங்கத் தயாரானார். ஓசையே வரவில்லை. "அவ்வளவுதானா?" என்றார்.

ஆகவே தம்பிக்குச் சொன்ன தீர்ப்பு: ஜிடிஐ வேண்டாம், ஸ்பிரிங்கைத் தொடாதே, டயரையும் பிரேக்கையும் மாற்று, அதோடு வாயை மூடிக்கொண்டு ஓட்டு. இப்படிச் சொல்லிவிட்டுப் போன ஞாயிறு ஒகேனக்கல் இறக்கத்தில் போனேன். மூன்றாவது வளைவில் வண்டி மெல்லச் சாய்ந்தபோது, ஏதோ வாடகைக்கு எடுத்த காரை ஓட்டுவதுபோல இருந்தது. அருவிவரை போகவில்லை, பாதியிலேயே திருப்பிவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒருவர் அந்தச் சிவப்பு ஸ்பிரிங்குகளை விலைக்குக் கேட்டு இரண்டு முறை அழைத்துவிட்டார். பரணில் எங்கேயோ கிடக்கின்றன, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பழைய ஸ்பிரிங் இருந்த அதே சாக்கில், ஏணியில் ஏறினால் முதலில் கைக்குத் தட்டுப்படும் இடத்தில்தான் இருக்கின்றன.