பாலை நிறுத்தாமல் எடை குறைக்க: விரதமா, பேலியோவா, தட்டை மாற்றுவதா?

என் மகனுக்கு இப்போது 20 மாதம். காலையில் எழுந்ததும் ஒரு முறை, மதியம் தூங்கப் போகும்போது ஒரு முறை, இரவில் இரண்டு முறை என்று இன்னும் பால் குடிக்கிறான். கர்ப்பத்தில் ஏறிய 15 கிலோவில் 6 கிலோ பிரசவத்தோடும் அடுத்த சில வாரங்களிலும் போய்விட்டது. மீதி 9 கிலோ, அவனுடைய முதல் பிறந்தநாள் அன்றும் அப்படியே இருந்தது. பால் கொடுத்தாலே உடம்பு தானாக இறங்கிவிடும் என்றார்கள் சிலர். பாலை நிறுத்தினால்தான் இறங்கும் என்றார்கள் வேறு சிலர். அதன் பிறகு நானே செய்து பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். முதல் 6 மாதம் குழந்தைக்குப் பால்தான் முழு உணவு. அந்தக் காலத்தில் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அடுத்த 6 மாதத்துக்கு 520. ஒன்றரை வயதுப் பிள்ளையோ இட்லியும் பருப்பு சாதமும் தின்றுவிட்டு இடையிடையே பால் குடிக்கிறது. தாய்ப்பால் 100 மில்லியில் 65 முதல் 70 கலோரி இருக்கும். என் மகன் நாளைக்கு 400 மில்லி குடிக்கிறான் என்று வைத்துக்கொண்டால், அதைச் சுரக்க உடம்பு செலவழிப்பதையும் சேர்த்து 300 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு தட்டு வெறுஞ்சோற்றின் அளவுதான் அது. ஆனால் நான் மூன்றாம் மாதத்தில் சாப்பிட்ட அளவையே, பூண்டுக் குழம்பின் நல்லெண்ணெய் உட்பட, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் பிடித்தது 16 மணி நேர விரதம். இரவு 8 மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பகல் 12 மணிக்குத்தான் அடுத்த வாய். "பால் குடுக்குறவ வயித்தக் காயப் போடக் கூடாதுடி" என்று அம்மா தினமும் சொன்னார். பால் குறையவில்லை. ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் உடனே வற்றிப்போகும் அளவுக்குத் தாய்ப்பால் பலவீனமானதும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் பிள்ளை எழுந்து குடித்த பிறகு எனக்குப் பசி குடலைப் பிடுங்கும். காலை 11 மணிக்குக் கை நடுங்கும், அவன் அழுதால் எரிச்சல் வரும். பகல் 12 மணிக்குச் சோற்றின் முன் உட்கார்ந்தால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கணக்கே இருக்காது. மூன்று வாரத்தில் அரைக் கிலோதான் இறங்கியது. இரவு உணவுக்கும் காலை உணவுக்கும் 12 மணி நேரம் இடைவெளி விடுவது வேறு. அது இன்றும் எனக்கு ஒத்துப்போகிறது. இரவில் பால் கேட்கும் பிள்ளை உள்ளவர்களுக்கு 16 மணி நேரத்தை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது பேலியோ, கீட்டோ. முகநூல் வழியாகத் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் பரவிய முறை: காலையில் 100 கிராம் பாதாம், மதியம் முட்டையோ கோழியோ, சோறு அறவே கிடையாது. இதில் நல்லது இருக்கிறது. சர்க்கரையும் மைதாவும் பிஸ்கட்டும் வீட்டை விட்டுப் போகின்றன, புரதம் கூடுகிறது, சீக்கிரம் பசிப்பதில்லை. ஆனால் மாவுச்சத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்துவதைப் பால் கொடுக்கும் காலத்தில் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செய்ய உடம்புக்கு குளுக்கோஸ் வேண்டும். சாப்பாட்டிலும் வராமல் பாலிலும் போய்க்கொண்டே இருந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் அளவுமீறிச் சேர்ந்து இரத்தம் அமிலமாகிவிடலாம். சர்க்கரை நோயே இல்லாத, பால் கொடுக்கும் பெண்கள் இப்படி வாந்தியும் மூச்சிரைப்புமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. கன்று ஈன்று நிறையக் கறக்கும் மாடு தீவனம் எடுக்காமல் சோர்ந்து படுத்தால், கால்நடை மருத்துவர் முதலில் சந்தேகப்படுவதில், கீட்டோன் இப்படிச் சேரும் கீட்டோசிஸும் ஒன்று. குழந்தை ஒன்றரை வயதாகிக் கொஞ்சமாகக் குடித்தால் ஆபத்து குறையும்தான். இருந்தாலும் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இரண்டு நாள் சாப்பிட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பேலியோ வேண்டுமென்றால் பால் மறந்த பிறகு, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

உடற்பயிற்சி மட்டும் போதுமா? போதாது. 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், பால் கொடுக்கும் தாய்மார்களில் ஒரு பிரிவினர் வாரம் 5 நாள், தினமும் 45 நிமிடம், 12 வாரம் பயிற்சி செய்தார்கள். பாலின் அளவும் குறையவில்லை, சத்தும் மாறவில்லை. ஆனால் பயிற்சி செய்யாதவர்களைவிட எடையும் கூடுதலாகக் குறையவில்லை, ஏனென்றால் செலவழித்ததைச் சாப்பிட்டு ஈடுகட்டிவிட்டார்கள். அதே இதழில் 2000இல் வந்த ஆய்வில் 40 தாய்மார்கள். ஒரு பிரிவினர் பயிற்சியோடு உணவிலும் தினம் 500 கலோரி குறைத்தார்கள். 10 வாரத்தில் அவர்களுக்கு 4.8 கிலோ இறங்கியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ. இரண்டு பிரிவிலும் குழந்தைகள் ஒரே மாதிரி வளர்ந்தார்கள். அவை பாலை மட்டுமே நம்பியிருந்த கைக்குழந்தைகள் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கே ஒன்றும் ஆகவில்லை என்று படித்த அன்றுதான் என் பயம் போனது.

வயிறு மட்டும் உள்ளே போகவில்லை என்பவர்களுக்கு ஒன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்கித் தொப்புளுக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் இருந்தால் அது கொழுப்பு மட்டுமல்ல, வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறது. துணி கட்டுவதால் அது சேராது. பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

எடைக்காகப் பாலை நிறுத்தலாமா? இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். நிறுத்திய மறுநாளே உங்கள் செலவில் 300 கலோரி குறைகிறது. சாப்பாடு அதே அளவு இருந்தால் எடை ஏறத்தான் செய்யும். உங்களுக்குப் போதும் என்று தோன்றினால் தாராளமாக நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. எடைக்காக வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளையை அழவைக்க வேண்டாம்.

எடை குறைக்கும் டீத்தூள்களை ஒரு வரியில் முடிக்கிறேன்: பலவற்றில் நிலாவரை இருக்கிறது, அது பேதிக்குக் கொடுப்பது, இறங்குவது தண்ணீர்தான். இப்போது பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகளும் பால் கொடுக்கும்போது வேண்டாம்.

கடைசியில் எனக்குப் பலன் தந்தது தட்டை மாற்றியதுதான். அது தொடங்கியது என் தட்டிலிருந்து அல்ல, மகனின் தட்டிலிருந்து. ஒருநாள் அவன் மிச்சம் வைத்ததையெல்லாம் வாயில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்தேன். இரவு திறந்து பார்த்தால் அரைத் தோசை, நெய் விட்டுப் பிசைந்த பருப்பு சாதம், நுனி கடித்த வாழைப்பழம், பாலில் ஊறிய ஒன்றரை பிஸ்கட். தராசில் 180 கிராம். உத்தேசமாக 300 கலோரி. அவன் என்னிடம் குடித்துத் தீர்த்ததை அவன் தட்டிலிருந்தே நான் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவனுக்கு முதலில் பாதி வைக்கிறேன், கேட்டால் மறுபடி வைக்கிறேன்.

காலையில் 5 இட்லி 3 ஆனது, கூடவே 2 முட்டை. மதியம் பொரியலையும் மீனையும் முதலில் சாப்பிட்டு, பிறகு இரண்டு கரண்டி சோறு. மத்தியும் நெத்திலியும் விலை குறைவு, முள்ளோடு தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. மீன் சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலை, தயிர், பனீர். மாலை 4 மணிப் பசிக்குச் சுண்டல். தாளிப்பு எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி குறைந்தால் 120 கலோரி குறைகிறது. இதோடு தினம் 40 நிமிட நடை, வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. 6 மாதத்தில் 5 கிலோ இறங்கியது. மெதுவாகத்தான். ஆனால் தலைசுற்றவில்லை, பிள்ளையிடம் எரிந்து விழவில்லை.

இதையெல்லாம் செய்தும் முள் நகரவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு அது கெடுவது உண்டு. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் செய்திருக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையைக் கைக்குழந்தையோடு அலைய முடியாமல் விட்டிருப்பீர்கள். இந்த வாரமே போய்ச் செய்துகொள்ளுங்கள்.

என் மகன் இன்னும் சில மாதத்தில் பால் மறக்கக்கூடும். இரவில் ஒரு முறை குறைந்தாலே அரைக் கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொள்வதாக இருக்கிறேன். நேற்று இரவு வரை குறையவில்லை.