ஈஞ்சம்பாக்கத்தில் முன்முகம் காட்டும் சிற்பங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் பெயரில் ஓவியம் இருந்தாலும், என்னைத் திரும்பத் திரும்ப அங்கே வரவழைப்பவை சிற்பங்களே. சென்னையின் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சூழ்ந்திருந்த இளம் கலைஞர்களும், மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் இந்தக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். 2009இல் திறக்கப்பட்ட கலை மையத்தில் அவர்களது தலைமுறையின் படைப்புகளுக்கான அருங்காட்சியகமும், இண்டிகோ, லபர்னம் என்னும் இரு காட்சிக்கூடங்களும், திறந்தவெளிச் சிற்பத் தோட்டமும் உள்ளன.

முதலில் பார்க்க வேண்டியவை பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள். செப்புத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பி, அதன்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்து, கண், புருவம், அணிகலன் என்று கோடு கோடாக வரைந்திருக்கிறார். சிலை என்றால் சுற்றிவந்து பார்ப்பதற்கு என்று பழகியவர்களுக்கு, பக்கவாட்டில் போய் நின்றதும் உருவம் மெலிந்து வெறும் ஓடாகத் தெரிவது ஏமாற்றம் தரலாம். ஆனால் இது குறைபாடு அன்று. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தின் வழிவந்த வடிவம் இது. கவசத்தின் பின்புறத்தை யார் பார்க்கிறார்கள்? நகரத்துக்குள் ஒரு காட்சிக்கூடத்தில் இத்தகைய சிற்பம் ஒன்றைக் கூடத்தின் நடுவே, நாற்புறமும் விளக்கிட்டு நிறுத்தியிருந்ததைக் கண்டபோது, சன்னதியைத் தெருவுக்கு இழுத்து வந்தது போலிருந்தது. சுவரைப் பின்னணியாகக் கொண்டு, சற்று எட்ட நின்று நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் அந்தக் கம்பிக் கோடுகள் பேசத் தொடங்குகின்றன.

பணிக்கரின் மகனான எஸ். நந்தகோபால் இதே முன்முகப் பார்வையைச் செம்பிலும் பித்தளையிலும் வேறொரு திசைக்குக் கொண்டு சென்றவர். புராண உருவங்களின் சாயலும், வாகனங்களின் மிடுக்கும், தெய்வ உருவைச் சூழ்ந்து நிற்கும் திருவாசியின் வளைவும் அவரிடம் கலந்து வருகின்றன. எனினும், பற்றவைத்த துணுக்குகள் மிக அடர்ந்துவிடும் சில படைப்புகளில் கண் இளைப்பாற இடம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜானகிராம் விட்டுவைத்த வெற்றுத் தகட்டின் அமைதி எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

தோட்டத்துக் கற்சிற்பங்களை உச்சி வெயிலில் பார்ப்பதில் பயனில்லை. மாலை நான்கு மணிக்கு மேல், சாய்ந்த வெளிச்சத்தில்தான் உளியின் தடங்கள் நிழல் பெற்று எழுகின்றன. இரண்டு காட்சிக்கூடங்களிலும் வெளியிலிருந்து வருபவர்களும் கண்காட்சி வைக்கிறார்கள் என்பதால், அவற்றின் தரம் ஒருமுறை போல் மறுமுறை இருப்பதில்லை. அவற்றுக்காக மட்டும் செல்பவர்கள் என்ன கண்காட்சி நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

முழு நாளும் ஒதுக்க முடிந்தவர்கள் காலையில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். வீதி உலாவுக்கென வார்க்கப்பட்ட உற்சவத் திருமேனிகளில் பின்புறத்துச் சடையும், தலைக்குப் பின்னே அமையும் சிரச்சக்கரமும் முன்புறத்துக்குச் சற்றும் குறையாத கவனத்துடன் செய்யப்பட்டிருக்கும். உலாப் போகும் திருமேனிக்கும் சன்னதிக் கவசத்துக்கும் உள்ள அந்த வேறுபாட்டைக் கண்ணில் வாங்கிக்கொண்டு ஈஞ்சம்பாக்கம் வந்தால், ஜானகிராம் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்பது விளக்கக் குறிப்பு இல்லாமலே புரியும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று எழும்பூரில் விடுமுறை.